ஊவா மலைநாட்டுப் பல்கலைக்கழக ஆசிரியரும் இணையமும்

ஒரு நாட்டின் கல்வி பெரும்பாலும் அந்நாட்டின் வழிகளைத் தொடர்ந்தே பரவி வந்துள்ளது. வீதியும் புகையிரதமும் சென்றவிடமெல்லாம் பத்திரிகையும் புத்தகமும் சென்றன. அவை சென்றவிடமெல்லாம் பாடசாலைகள் தழைத்தன. ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளைக்குக் கொழும்பிலிருந்து மலையேறி வந்த புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதே அப்பாதையின் முதல் நோக்கமாயினும், மேலேறி வந்த வண்டிகளில் அரிசி மூட்டைகளோடு கடிதக் கட்டுகளும் செய்தித்தாள்களும் பாடநூல்களும் வந்தன. தெமோதரையிலே தன்னைத் தானே வட்டமிட்டுத் தன் அடியிலேயே நுழைந்து செல்லும் அவ்விருப்புப் பாதை, மலையின் உயரத்தை வெல்வதற்கு மனிதன் எத்துணைப் பொறுமையுடன் வழி சமைத்தான் என்பதற்கு இன்றும் சான்றாக நிற்கின்றது.

அப்பாதை வந்து நூறாண்டு கழிந்துவிட்டது. இன்று பதுளைக்கு வரும் அறிவு, இரும்புத் தண்டவாளத்தின் மீதன்றி, மயிரிழை போன்ற கண்ணாடி இழையினூடாக ஒளியின் வடிவில் வருகின்றது. இதனையே இணையம் என்கின்றோம். எந்தப் பாதையைப் பற்றியும் மூன்று வினாக்கள் கேட்டல் வேண்டும். பாதை எதுவரை வந்துள்ளது? அப்பாதையில் வருவது யாது? வந்ததைப் பெற்றவர் அதனை எங்ஙனம் பயன்கொள்கின்றனர்? இம்மூன்று வினாக்களையும், ஊவா மலைகளிடையே பணிபுரியும் பல்கலைக்கழக ஆசிரியரை நடுவில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்கலைக்கழகங்களிற் பிறந்த சாதனம்

இணையம் வணிகரால் தோற்றுவிக்கப்பட்டதன்று, பொழுதுபோக்குக்காக வந்ததுமன்று. 1969ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொருளுதவியுடன் நான்கு கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அந்நான்கும் பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் இருந்தவை. இன்று நாம் காணும் வலைப்பக்கங்களின் அமைப்பை 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்த டிம் பேர்னர்ஸ்-லீ, சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ன் என்னும் பௌதிக ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றியவர். பல நாடுகளிலிருந்து வந்து போகும் விஞ்ஞானிகள் தம் குறிப்புகளை ஒருவரோடொருவர் பகிர்ந்து கொள்வதற்கு ஒரு வழி வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அந்நிலையம், யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென அதனை உலகுக்கு உரிமையாக்கிற்று.

ஆகவே, ஆசிரியரும் ஆராய்ச்சியாளரும் தமக்குள் அறிவைப் பரிமாறிக் கொள்வதற்கென அமைந்த சாதனமே பின்னர் உலகனைத்துக்கும் பொதுவாயிற்று. பல்கலைக்கழக ஆசிரியர் இணையம் வேண்டுமென்று கேட்பது புதுமை மோகத்தால் அன்று என்பது இதனாற் புலனாகும். நூலகமும் ஆய்வுகூடமும் எவ்வாறு அவர் தொழிலுக்கு இன்றியமையாதனவோ, அவ்வாறே இதுவும் இன்றியமையாததாகும்.

இலங்கைக்கு வந்த வரலாறு

நம் நாட்டிலும் இணையம் பல்கலைக்கழக வாயில் வழியாகவே புகுந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அபய இந்துருவ முதலியோரின் முயற்சியால், லேர்ண் என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு உருவாயிற்று. 1990ஆம் ஆண்டளவில் அது மின்னஞ்சற் சேவையாகத் தொடங்கியது. அக்காலத்து மின்னஞ்சல் இன்றுபோல் நொடியிற் சென்றதன்று. நாள்தோறும் சேர்ந்த கடிதங்களைத் தபாற்பை கட்டுவதுபோலக் கணினி ஒன்று திரட்டி வைத்துக்கொள்ளும். குறித்த வேளையிற் கடல் கடந்த தொலைபேசி அழைப்பு எடுக்கப்படும். அவ்வழைப்பின்போது போக வேண்டியவை போகும், வர வேண்டியவை வரும். அவ்வளவே. ஆயினும், பிறநாட்டிலிருந்து விடைக்கடிதம் வர இரண்டு வாரம் காத்திருந்த பேராசிரியர்களுக்கு அது பெரும்பேறாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

1990களின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகம், மொறட்டுவைப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் நொடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள நுண்ணலை இணைப்பினால் ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. 1995ஆம் ஆண்டில் வணிக இணையச் சேவையும் நாட்டில் தோன்றிற்று. பின்னர்ச் சிறிது சிறிதாகப் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, உறுகுணை எனப் பிற பல்கலைக்கழகங்களும் அவ்வலையமைப்பிற் சேர்ந்தன. இன்று அரச பல்கலைக்கழகங்கள் யாவும் லேர்ண் வலையமைப்பின் வழியே ஒன்றோடொன்றும், உலகின் பிற கல்வி வலையமைப்புகளோடும் தொடர்பு கொண்டுள்ளன. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும், தம் சொந்தக் கடவுச்சொல்லைக் கொண்டே அங்குள்ள கம்பியில்லா இணைப்பைப் பயன்படுத்துவதற்கு வகைசெய்யும் எடுரோம் என்னும் ஏற்பாடும் நடைமுறையில் உள்ளது.

பதுளையில் ஒரு பல்கலைக்கழகம்

1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலத்தில், பதுளை மாணவன் உயர்கல்வி பெறக் கொழும்புக்கே செல்ல வேண்டியிருந்தது. அது பேராதனைக்குப் பெயர்ந்த பின்னர் வழி சற்றுக் குறுகிற்று. 2005ஆம் ஆண்டிலே பதுளை-பசறை வீதியில் ஊவா வெல்லசப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டமை இம்மாகாணத்தின் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பமாகும். நாட்டின் மூலப்பொருள்களுக்குப் பெறுமதி சேர்க்கும் கல்வி என்னும் நோக்கத்துடன் அமைந்த அப்பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழில்நுட்பம், ஏற்றுமதி விவசாயம், விலங்கு விஞ்ஞானம், முகாமைத்துவம் முதலியன கற்பிக்கப்படுகின்றன.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். நூறாண்டு பழமையான நூலகமொன்றின் அருகே பணிபுரியும் ஆசிரியருக்கு இணையம் ஒரு துணை. புதிதாய் எழுந்த, பெருநகரங்களுக்குத் தொலைவான பல்கலைக்கழகத்தின் ஆசிரியருக்கோ அதுவே நூலகத்தின் பெரும்பகுதி. பழைய பல்கலைக்கழகத்தில் அறுபது எழுபது ஆண்டுகளாகச் சேர்ந்த ஆய்விதழ்த் தொகுதிகள் அலமாரியில் உள்ளன. புதிய பல்கலைக்கழகம் அவற்றை இனி வாங்கிச் சேர்த்தல் இயலாது. ஆகவே மின்னிணைப்பு அறுந்த நாளில் கொழும்பு ஆசிரியர் வேறு நூலகத்துக்கு நடந்து செல்வார். பதுளை ஆசிரியரின் ஆராய்ச்சி அன்றைக்கு நின்றுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். ஆடி முதல் புரட்டாதி வரை வீசும் வறண்ட காற்றின் காலத்திற் பறிக்கப்படும் ஊவாத் தேயிலைக்குத் தனி நறுமணம் உண்டென்பது உலகறிந்த செய்தி. அம்மணத்துக்கு மெதைல் சலிசிலேற்று என்னும் பொருள் ஒரு முக்கிய காரணமென இரசாயன ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். டார்ஜிலிங்கிலும் தைவானிலும் சிறு பூச்சிகள் கொழுந்தை உறிஞ்சுவதாற் செடி தன்னைக் காக்கச் சுரக்கும் பொருள்களே அவ்விடத்துத் தேயிலைக்கு மணமூட்டுகின்றன என அந்நாட்டவர் எழுதியுள்ளனர். ஊவாவின் காற்றும் வரட்சியும் எங்ஙனம் அத்தகைய மாற்றத்தைச் செய்கின்றன என ஆராய விரும்பும் ஆசிரியர், அக்கட்டுரைகளையெல்லாம் ஒப்புநோக்காமல் ஓர் அடியும் எடுத்து வைத்தல் இயலாது. கொழுந்து அவர் சாளரத்துக்கு வெளியே உள்ளது. பசறையிலே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் அண்மையில் உள்ளது. ஆனால், அக்கொழுந்தைப் பற்றி உலகம் எழுதியவை இணையத்தின் மறுகோடியில் உள்ளன.

பாதையின் கணக்கு

இணைப்பின் வேகத்தை நொடிக்கு இத்தனை பிட் எனக் கூறுவர். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். படங்களும் அட்டவணைகளும் கொண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று ஏறத்தாழ 2 மெகாபைட் அளவினது எனக் கொள்வோம். அஃதாவது 160 இலட்சம் பிட். முற்காலத்து 64 கிலோபிட் இணைப்பு முழுவதும் ஒருவருக்கே கிடைத்தாலும், அக்கட்டுரை வந்து சேர 250 நொடிகள், ஏறத்தாழ நான்கு நிமிடம், செல்லும். அதே இணைப்பை ஒரே வேளையில் இருபது பேர் பயன்படுத்தினால் ஒவ்வொருவரும் ஒன்றேகால் மணிக்கு மேலாகக் காத்திருத்தல் வேண்டும். இன்று நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அதே கட்டுரை, ஒரு நொடியின் ஆறிலொரு பங்குக்குள் வந்துவிடுகின்றது.

இக்கணக்கிலிருந்து அறியத்தக்க உண்மை யாதெனில், இணைப்பின் அளவு மட்டும் போதாது. அதனை எத்தனை பேர் பங்கிடுகின்றனர் என்பதும் நோக்கற்பாலது என்பதே. ஒரு நிறுவனத்துக்கு நொடிக்கு 1000 மெகாபிட் கிடைப்பதாகவும், ஒரே வேளையில் 500 பேர் அதனைப் பயன்படுத்துவதாகவும் கொண்டால், ஆளுக்கு 2 மெகாபிட்டே கிடைக்கும். நண்பகலில் மாணவர் அனைவரும் படக்காட்சி பார்க்கும்போது ஆசிரியரின் ஆய்வுக் கோப்பு நகராமல் நிற்பதும், அவரே காலை ஆறு மணிக்கு வந்தால் அது நொடியில் இறங்குவதும் இக்காரணத்தினாலேயே. வளர்முக நாடுகளில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் ஆராய்ச்சி செய்யும் வழக்கம் ஆசிரியரிடையே தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மலைநாட்டுக்கு மேலும் சில இடர்கள் உண்டு. வெளியுலகத் தொடர்புக்குரிய கடலடி வடங்கள் கொழும்பு, மாத்தறை முதலிய கரையோரங்களிலே தரையேறுகின்றன. அங்கிருந்து பதுளைக்கு வரும் ஒளியிழை, வீதியோரமாகவும் கம்பங்களிலும் மலைச்சரிவுகளைக் கடந்தே வருதல் வேண்டும். ஒரு மரம் வீழ்ந்தாலும், ஓரிடத்து மண் சரிந்தாலும் வடம் அறும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலைநாட்டில் வீதியும் புகையிரதப் பாதையும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருங்கே சிதைந்தமையை நாடு கண்டது. பதுளை மாவட்டம் மிகப் பெரிதும் துன்புற்ற மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. ஒரே வழியை நம்பி வாழும் ஊருக்கு, அவ்வழி அறுங்கால் வேறு வழியில்லை. ஆகவே, இரு வேறு திசைகளிலிருந்து வரும் இரட்டை இணைப்பு மலைநாட்டுக்கு ஆடம்பரமன்று, அவசியமாகும்.

மின்சாரமும் அங்ஙனமே. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. கண்ணாடி இழை எத்துணைச் சிறந்ததாயினும், இரு கோடிகளிலும் மின்சாரம் இல்லையேல் அது வெறும் இழையே.

வருவது யாது?

பாதை நன்கு அமைந்துவிட்டது எனக் கொள்வோம். அப்பாலும் ஒரு வாயில் உண்டு. அது சந்தா என்னும் வாயில். உலகின் பெரும் ஆய்விதழ்களை ஒரு சில வெளியீட்டு நிறுவனங்களே நடத்துகின்றன. கட்டுரையின் சுருக்கத்தை யாவரும் படிக்கலாம். முழுமையும் படிக்கப் பணம் வேண்டும். ஒரு கட்டுரையை மட்டும் தனியே வாங்க முப்பது நாற்பது டொலர் கேட்பது அந்நிறுவனங்களின் வழக்கம். 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை சில மாதங்களுள் 360 ரூபாவரை ஏறியபோது, நூலகங்களின் சந்தாச் செலவும் அவ்வாறே ஏறிற்று. 100 டொலர்ச் சந்தாவுக்கு 20,000 ரூபா கொடுத்த நூலகர், அதே சந்தாவுக்கு 36,000 ரூபா தேட வேண்டியவரானார். இதழ் மாறவில்லை; நாணயம் மாறிற்று.

இவ்விடரை உணர்ந்து சில வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. உலகச் சுகாதார நிறுவனத்தின் முயற்சியால் 2002ஆம் ஆண்டில் ஹினாரியும், உணவு விவசாய நிறுவனத்தின் முயற்சியால் 2003ஆம் ஆண்டில் அகோராவும் தொடங்கப்பட்டு, வளர்முக நாடுகளின் கல்வி நிலையங்களுக்கு மருத்துவ, விவசாய ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ அளிக்கின்றன. 2002ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரில் வெளியான அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகள் யாவர்க்கும் தடையின்றிக் கிடைத்தல் வேண்டும் என்னும் கொள்கையை உலகெங்கும் பரப்பிற்று. நம் நாட்டு ஆய்விதழ்களை ஓரிடத்தில் திரட்டி இலவசமாக வழங்கும் இலங்கை ஆய்விதழ்த் தளம் 2008ஆம் ஆண்டிலே தோன்றிற்று. பதுளையில் ஒருவர் எழுதியதை யாழ்ப்பாணத்திலும் ஒலுவிலிலும் உள்ளோர் அன்றே படிக்கக்கூடிய நிலை இதனால் உண்டாயிற்று.

மற்றொரு வாயில் மொழி. இணையத்தில் உள்ள விஞ்ஞான எழுத்திற் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. தோட்டப் பாடசாலையிலே தமிழிற் பயின்று பல்கலைக்கழகம் புகும் மாணவன், ஆங்கிலம் பயில்வதையும் பாடம் பயில்வதையும் ஒரே வேளையிற் செய்தல் வேண்டும். தமிழில் ஒன்றுமே இல்லையென்று கூறுவதும் உண்மையன்று. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் இலவசமாய் வழங்குகின்றது. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காத்து வருகின்றது. மலையக இலக்கியமும் தொழிற்சங்க வரலாறும் ஆராய்வோருக்கு, முன்னர்ப் பத்து ஊர்களில் தேட வேண்டியிருந்தவை இன்று ஒரு மேசையிற் கிடைக்கின்றன. ஆனால் தேயிலைச் செடியின் நோய், மண்ணரிப்பு, கால்நடை வளர்ப்பு ஆகியவை பற்றித் தமிழில் ஆதாரத்துடன் எழுதப்பட்டவை இன்னும் மிகச் சிலவே. அவற்றை எழுத வேண்டியவர் யார்? அவற்றை அறிந்த ஆசிரியரே அன்றோ!

பயன்கொள்ளும் திறன்

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரமும், கேள்விக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, அதனை அடுத்து அறிவுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கற்றலும் கேட்டலும் மட்டும் அறிவாகிவிடா என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். இணையத்துக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும்.

இணைப்பு இருத்தலும், இணைப்பைப் பயன்படுத்தலும், பயன்படுத்திப் பயன் பெறுதலும் ஒன்றல்ல. ஒருவர் நாள்தோறும் மின்னஞ்சல் பார்க்கலாம், செய்தி படிக்கலாம், நண்பரோடு அளவளாவலாம். அவரையும் இணையம் பயன்படுத்துபவர் என்றே கணக்கெடுப்போர் எழுதுவர். ஆயினும், தம் துறையின் புதிய கட்டுரைகளைத் தேடும் முறையையும், தேடியவற்றை வகைப்படுத்தும் முறையையும், ஒரு முடிவை மற்றொன்றோடு ஒத்துப் பார்க்கும் முறையையும் அவர் அறியாராயின், அவர் கல்விக்கு அதனால் விளைந்த நன்மை சிறிதேயாகும். நூலகரின் துணை இங்கே பெரிது. பழைய நாளில் அட்டைப் பட்டியலைக் காட்டி வழிநடத்திய நூலகரே, இன்று தேடும் வழியைக் கற்பிக்க வல்லவர். பல்கலைக்கழகங்கள் கணினி வாங்கச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையேனும் அத்தகைய பயிற்சிக்குச் செலவிடுதல் நன்று.

போலிகளும் பெருகியுள்ளன. பதவி உயர்வுக்கு வெளியீடுகள் வேண்டும் என்னும் விதியை அறிந்த வணிகர் சிலர், பெரும்பெயர் பூண்ட போலி ஆய்விதழ்களை நடத்துகின்றனர். கட்டுரையை எவரும் ஆராயாமலே, பணத்தைப் பெற்றுக்கொண்டு வெளியிடுவர். தொலைவான பல்கலைக்கழகத்தில் மூத்தோர் துணையின்றிப் பணிபுரியும் இளம் விரிவுரையாளரே இவ்வலையில் எளிதாக வீழ்வர். இதழின் ஆசிரியர் குழுவினர் யாவர், கட்டுரைகளை ஆராய்வோர் உளரா, கட்டணம் எப்பொழுது கேட்கப்படுகின்றது என்னும் மூன்றையும் விசாரித்தறிதல் தற்காப்பாகும். 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சற்ஜிபிரி வெளிவந்த பின்னர், எழுதும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அவை இனிய நடையில் எழுதும். இல்லாத நூலையும் உள்ளதெனக் கூறும். எனவே, மூலத்தைத் தேடிப் பார்க்கும் பழைய பழக்கம் இன்று முன்னையினும் இன்றியமையாததாயிற்று.

வாயிலுக்கு அப்பால்

இதுவரை ஆசிரியரைப் பற்றிப் பேசினோம். ஆசிரியர் ஒரு கோடி; மாணவர் மறுகோடி. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொவிட் கொள்ளைநோயாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, கற்பித்தல் இணையத்துக்கு மாறிற்று. லேர்ண் வலையமைப்பின் வழியாக நிகழும் பாடங்களுக்கு மாணவரிடம் தரவுக் கட்டணம் வாங்காதிருக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணங்கின. இது போற்றத்தக்க ஏற்பாடு. ஆனால், கட்டணமின்மை வேறு. அலை கிடைத்தல் வேறு.

கைத்தொலைபேசிக் கோபுரத்தின் வானலை, ஒளியைப் போலப் பெரும்பாலும் நேர்வழியே செல்வது. மலை குறுக்கிட்டால் அதன் மறுபுறம் நிழலாகும். தோட்டங்களின் லயங்களோ பெரும்பாலும் நீரோடைக்கு அண்மையாக, பள்ளத்திலும் சரிவிலும் கட்டப்பட்டவை. மலைமுகட்டிலே தெளிவாகக் கிடைக்கும் அலை, அரை மைல் கீழே லயத்து வாசலிற் கிடையாமற் போவது இதனாலேயே. 2021ஆம் ஆண்டிலே லுணுகலைப் பகுதியில் பாடசாலைப் பிள்ளைகள் பெற்றோர் துணையுடன் மலையேறி, மரத்தின் மேல் அமைத்த பரணில் இருந்து பாடம் பெற்றதை உலகச் செய்தித்தாள்கள் படத்துடன் வெளியிட்டன. அப்படத்தைக் கண்டு இரங்கியவர் பலர். அஃது இரக்கத்துக்குரியதன்று, தீர்வுக்குரியது. அலை எட்டாத பள்ளத்துக்கு முகட்டில் ஒரு சிறு மீள்பரப்பி போதும். அல்லது தோட்டத்துப் பாடசாலைக்கு ஓர் ஒளியிழை போதும்.

பழைய ஒரு குறையையும் இங்கே நினைத்தல் தகும். லயங்களுக்குத் தனி முகவரி இல்லாமையாற் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது; அது முற்றாக நீங்கிவிட்டது என இன்றும் கூறவியலாது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்போ, பல்கலைக்கழக அனுமதிக் கடிதமோ நாள் கடந்து கைக்கு வந்தாற் பிள்ளையின் வாழ்வே திசைமாறும். முகவரியில்லாதவனுக்குக் கடிதம் பிந்துகின்றது. அலையில்லாதவனுக்குப் பாடம் பிந்துகின்றது. பெயர் வேறாயினும் குறை ஒன்றே. அரசாங்கத்தின் குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் எனப் பிரித்து வெளியிடும் கணினி அறிவுக் கணக்கெடுப்புகளிலே தோட்டத்துறையே கடைநிலையில் நிற்கின்றது என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இது வெறும் படிப்பின் சிக்கலுமன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மலைச்சரிவை முன்னறிவிக்கும் பணியைச் செய்யும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், தானியங்கி மழைமானிகளின் அளவுகளைத் தொலைத்தொடர்பின் வழியே பெற்று எச்சரிக்கை விடுக்கின்றது. மழையின் அளவு மேலிடத்துக்குச் செல்வதும், எச்சரிக்கை லயத்துக்கு வருவதும் ஒரே பாதையாலேயே. மண்ணியலையும் நீரியலையும் கற்ற ஆசிரியரின் அறிவு, அப்பாதையின் கடைசி அரை மைலைக் கடந்து, சரிவின் கீழ் உறங்கும் குடும்பத்துக்கு அதன் தாய்மொழியிற் சென்று சேராவிடின், அவ்வறிவு இருந்தும் பயனில்லை.

செய்யத்தக்கவை

பெருந்திட்டங்களை அரசாங்கமே செய்தல் வேண்டும். இரட்டை ஒளியிழைப் பாதையும், கோபுரங்களுக்குக் காப்பு மின்கலமும், பல்கலைக்கழகங்கள் கூட்டாகச் சந்தா பெறும் ஏற்பாடும் அத்தகையன. ஆயினும், கற்றோர் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் செய்யக்கூடியவை சில உள. தோட்டப் பாடசாலை ஒன்றில் இணைப்பும் நான்கு கணினிகளும் கொண்ட ஓர் அறையை அமைத்து, மாலை வேளையில் அதனைத் திறந்து வைக்க ஒருவரை நியமித்தல் ஒன்று. கணினி வாங்குதல் எளிது. திறந்து வைக்க ஆளைத் தேடுதலே அரிது. பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை தம் துறையில் ஒரு பொருளைத் தமிழில் எளிதாக எழுதி, யாவரும் படிக்க இணையத்தில் இடச் செய்தல் மற்றொன்று. பழைய கல்லூரி மலர்களையும் தோட்டத்து ஆவணங்களையும் படமெடுத்து எண்ணிம நூலகத்துக்கு அளித்தல் பிறிதொன்று. இம்மலர் தானும் ஒரு நாள் அங்ஙனம் காக்கப்படுமாயின், நம் பின்னோர் நம்மை அறிவர்.

நம் முன்னோர் பிடியரிசி சேர்த்துப் பாடசாலைகளைக் கட்டினர். அரசாங்கம் தரட்டும் என அவர்கள் காத்திருக்கவில்லை. அரசாங்கத்தைக் கேளாமலும் இருக்கவில்லை. சைவமும் தமிழும் கற்பிக்க ஓலைக் கொட்டில் அமைத்த அதே கைகள், விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கும் கல் சுமந்தன. அவ்வழியில் வந்தோருக்கு இணையம் என்பது அயலான பொருளன்று. காலத்துக்கேற்ற மற்றொரு கொட்டிலே.

புகையிரதம் பதுளையோடு நின்றது. அதற்கப்பால் இருந்த பசறைக்கும் மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் மக்கள் நடந்தும் வண்டியிலும் சென்றனர். ஒளியிழையும் பதுளையோடு நின்றுவிடுதல் தகாது. பல்கலைக்கழக ஆசிரியரின் மேசைக்கு உலகத்தின் அறிவு வந்து சேர்ந்தமை முதற்படி. அம்மேசையிலிருந்து பள்ளத்து லயம் வரை அது இறங்கிச் செல்லுதல் இரண்டாம் படி. முதற்படிக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. இரண்டாம் படிக்கும் அத்தனை ஆண்டுகள் செல்லுமாயின், இன்று மலையேறி அலை தேடும் பிள்ளைகள் தம் பிள்ளைகளோடு அதே மலையில் ஏற வேண்டியவராவர். அந்நிலை நேராது காத்தல் கற்றோர் யாவர்க்கும் கடனாகும்.